வண்டிக்குள் பேச்சு நின்றுபோன மழைக்காலம்

அந்த மழைக்காலம் முழுக்க எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று என் வீட்டில் முடிவாகியிருந்தது. வளைகுடாவில் ஆஸ்பத்திரி வேலை பார்த்த காலத்தில், மணல்காற்று அடித்தால் எதிரே என்ன வருகிறதென்றே தெரியாத சாலைகளில் ஓட்டியவள் நான். லைசென்ஸ் கையில் கொடுப்பதற்குள் அங்கே ஆளைப் பிழிந்து காயப்போட்டுவிடுவார்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, என் சம்பாத்தியத்தில் ஒரு சின்னக் கார் வாங்கி, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனிக்கிற வேலையைப் பிடித்தேன். புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுவது, மூத்திரக்குழாய் மாற்றுவது, வலி மாத்திரை போதுமா என்று பார்ப்பது. எங்கள் வீடு கருங்கல் ஊர்ப் பக்கம். நோயாளிகள் மலையில் பேச்சிப்பாறைக்கு மேலேவரை இருக்கிறார்கள். பஸ்ஸை நம்பிச் செய்கிற வேலை இல்லை அது. வண்டி போனால் வேலையும் போகும். இது என் வீட்டுக்காரருக்கு நன்றாகவே தெரியும்.

முதல் தடவை வண்டி நின்றது குலசேகரம் தாண்டிய ஏற்றத்தில். தூறல் விழுந்துகொண்டிருந்தது. என்னோடு வேலைக்கு வரும் பெண் இடதுபக்கச் சீட்டில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், என்ஜின், ஒன்று பாக்கியில்லை. வேகம் காட்டும் முள் அப்படியே படுத்துவிட்டது. ஸ்டியரிங் அம்மிக்கல்லைத் திருப்புவதுபோல இறுகியது. பின்னால் ரப்பர் மரத்தடி ஏற்றிய லாரி ஒன்று ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. உடம்பு முழுவதையும் போட்டுத் திருப்பி எப்படியோ ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். என்ஜின் அணைந்தது. சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தம்தான் வந்தது. லாரிக்காரன் கடந்துபோகும்போது தலையை வெளியே நீட்டி, "வீட்டுல ஆம்பள யாரும் இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். 

கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பிவிட்டது. ஒரு விளக்கும் எரியவில்லை. நடந்ததெல்லாம் நானாகக் கற்பனை செய்துகொண்டது என்பதுபோல நல்ல பிள்ளையாக ஓடியது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கிளட்ச்ச ஒழுங்கா சவுட்டினியா?" என்றார்.

கிளட்சுக்கும் ஏர்பேக் விளக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். மறுநாள் காலையில் அவரே வண்டியை எடுத்துக்கொண்டு இரணியல்வரை போய்விட்டு வந்தார். சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். "பாத்தியா? எனக்க கையில ஒண்ணும் இல்ல. வண்டிக்கு ஆளத் தெரியும், கேட்டியா?" அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதன்பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருதடவை வண்டி நிற்பதாக இருந்தது, மழை வலுத்ததும் வாரத்துக்கே ஒன்றிரண்டாகிவிட்டது. எப்போதும் என் கையில்தான். அவர் எடுத்தால் வண்டி ஒரு முனகல்கூட முனகாது. ஆட்களிடம் சொல்லிச் சிரிக்க அவருக்கு நல்ல விஷயம் கிடைத்துவிட்டது.

நாகர்கோவில் போகிற வழியில் உள்ள சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஓட்டிப்போனது நான், பிரச்சினையைச் சொன்னது நான், வண்டி என் பெயரில் இருக்கிறது. கழுத்தில் அட்டை தொங்கிய இளைஞன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "சார் வரலையா மேடம்?" என்றான். எந்தச் சாரைக் கேட்கிறாய் தம்பி என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் ஸ்கேனரைச் செருகினான். திரையில் வந்ததை நானும் எட்டிப் பார்த்தேன். பிரேக்கைக் கவனிக்கிற பெட்டி, என்ஜின் பெட்டியோடு தொடர்பு அறுந்துவிட்டது என்கிறது. என்ஜின் பெட்டி, பிரேக் பெட்டியோடு தொடர்பு இல்லை என்கிறது. ஸ்டியரிங் பெட்டி, இரண்டு பேரும் பேசவில்லை என்கிறது. ஏர்பேக் பெட்டிக்கும் அதே புகார். இப்போதைய கார்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி வைத்திருக்கிறார்கள். அத்தனை பெட்டியும் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே இரண்டு வயர் வழியாகத்தான் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. பேச்சு நின்றால் வண்டியும் நிற்கும். இதை அவன் சொல்லித் தரவில்லை. பிறகு நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அவன் ஒரு பொத்தானை அமுக்கி, "எரர் எல்லாம் கிளியர் பண்ணியாச்சு மேடம்" என்றான்.

"எதனால வந்துது?"

"கிளியர் பண்ணியாச்சு மேடம்."

காய்ச்சல் எதனால் என்று கேட்டால் தெர்மாமீட்டரை உதறிக் காட்டிவிட்டேன் என்கிற மாதிரி. அதோடு விட்டானா? நான் அங்கேயே நிற்கும்போது, பதிவில் இருந்த என் வீட்டுக்காரரின் எண்ணைக் கூப்பிட்டு, "சார், வண்டியில ஒண்ணும் இல்ல சார், மேடம் கொஞ்சம் ரஃப்பா ஹேண்டில் பண்ணுறாங்க போல" என்றான். என் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, என்னைப் பற்றி, இன்னொருவரிடம். வண்டிக்குள் பெட்டிகள் ஒன்றையொன்று மதிக்காததில் என்ன ஆச்சரியம்.

இரண்டாம் தடவை போனபோது பிரேக் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதுப்பெட்டி மாட்டினார்கள். அந்த வாரமே மறுபடியும் நின்றது. புதுப்பெட்டியும் பழைய பெட்டியின் அதே ஒப்பாரியைப் பாடியது. மூன்றாம் தடவை, இனி ஸ்டியரிங் பெட்டியை மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். நான் அங்கே சத்தம்போட்டதைக் கேட்டுக் கழுவுகிற இடத்திலிருந்துகூட ஆட்கள் வந்துவிட்டார்கள். தீவிர சிகிச்சை வார்டில் எல்லாக் கட்டிலின் மானிட்டரும் ஒரே நேரத்தில் அலறினால், எல்லா நோயாளிக்கும் ஒரே நிமிஷத்தில் மாரடைப்பு என்று எந்த நர்ஸும் ஓடமாட்டாள். வயரைப் பார்ப்பாள், பிளக்கைப் பார்ப்பாள். நான்கு பெட்டி ஒருவரையொருவர் குற்றம் சொன்னால் பெட்டியில் ஏன் கையை வைக்கிறீர்கள், நடுவில் இருக்கிற வயரைப் பாருங்கள் என்றேன். மேனேஜர் எனக்கு ஒரு கப் காப்பி கொண்டுவரச் சொன்னார். "சாரை ஒருநாள் கூட்டிட்டு வாங்க மேடம், பேசிக்கலாம்" என்றார். காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

இதற்கிடையில்தான் மலையில் இருந்த ஒரு நோயாளியின் விஷயம் நடந்தது. தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். முதுகின் கீழே பெரிய புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றவேண்டும். ஒரு தடவை போனபோது பேச்சிப்பாறை அணைக்குக் கீழேயே வண்டி நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்துக் கிளம்பியபோது மேலே ஏறத் தைரியம் வரவில்லை. அந்த ஏற்றத்தில் ஸ்டியரிங் இறுகினால் பிறகு பேசுவதற்கு ஆள் இருக்காது. திரும்பிவிட்டேன். அடுத்தமுறை போனபோது, ஊறிப்போன கட்டை அவர் மனைவியே அவிழ்த்துவிட்டுப் பழைய கைலியைக் கிழித்துக் கட்டியிருந்தாள். துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. உப்புநீர் விட்டு விட்டு அதைப் பிரித்தெடுத்தேன். அவரோ, "மழையாக்கும் சிஸ்டரே, நீங்க எப்பிடி வருவிய" என்று எனக்கே சமாதானம் சொன்னார். எனக்கு யாரையாவது அறையவேண்டும்போல இருந்தது. யாரை என்று தெரியாததால் இன்னும் கோபம்.

இதை வீட்டில் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரின் அக்கா வீட்டில் சாப்பாடு. சொந்தக்காரர்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது அவர் எல்லாருக்கும் கேட்கும்படி, "இவளுக்கு இப்பம் ரோட்டப் பாத்தாலே பயம். மலையில பாதி வழி போயிட்டுத் திரும்பி வந்துட்டா. வண்டிய வித்துரலாம்னு இருக்கேன்" என்றார். மைனி, அதாவது அவர் அக்கா, என் இலையில் மீன் வைத்துக்கொண்டே, "அதுதான் நல்லது பிள்ளே. பொம்பளைக்கு வீட்டோட இருந்தா ஒரு கொறையும் இல்ல" என்றாள். இரணியலில் ஒருவரிடம் ஏற்கனவே பேசி வைத்திருக்கிறார், அடுத்த ஞாயிறு வந்து வண்டியைப் பார்ப்பார் என்பதும் அங்கே அந்தச் சாப்பாட்டில்தான் எனக்குத் தெரிந்தது. என் வண்டி. எழுந்து கையைக் கழுவினேன். "பாத்தியளா, ஒண்ணு சொன்னா பொறுக்காது" என்று பின்னால் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கு முன் வண்டியின் நோய் என்னவென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கருங்கல் சந்தைக்குப் பின்னால் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். சவூதியில் பெரிய வண்டிகளுக்கு வயரிங் செய்துவிட்டு வந்தவர். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று ஊரில் பெயர். அது எனக்குச் சரிதான் என்று அங்கே போனேன்.

பானெட்டைத் திறந்தவுடன், "எலி" என்றார். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் எலி கார்களுக்குள் குடியேறும், வயரைக் கடிக்கும், அது உண்மைதான். ஓரிடத்தில் கடித்த தடமும் இருந்தது. பார்த்தீர்களா என்று என்னைப் பார்த்தார். அது விளக்குக்குப் போகும் வயர், அதன்மேல் பழைய டேப்பும் சுற்றியிருந்தது, எப்போதோ சரிசெய்த கடி. காலைப்பொழுதில் பாதி எலிக்கே போயிற்று. பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் மீட்டரின் இரண்டு முனைகளையும் செருகினார். மீட்டர் அறுபது ஓம் காட்டியது.

"அறுபது இருந்தா லைன் நல்லா இருக்குன்னு அர்த்தம் சிஸ்டரே. லைனுக்க ரெண்டு முனையிலயும் நூத்தியிருபது ஓம் தடை ஒவ்வொண்ணு வச்சிருப்பானுவ. ரெண்டும் பக்கம்பக்கமா நிக்கதுனால கூடாது, பாதியா கொறஞ்சு அறுபது வரும். வயர் எங்கயாவது அத்துப்போச்சுன்னா நூத்தியிருபது காட்டும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிச்சுன்னா கீழ எறங்கும். இது அறுபது. வயருல ஒண்ணும் இல்ல. பெட்டிதான்."

"பெட்டிய மாத்தியாச்சுன்னு சொன்னேன்லா அண்ணே."

"அப்பம் வேற பெட்டி."

மழை பிடித்துக்கொண்டது. கடைக்கு முன்னால் போட்டிருந்த தார்ப்பாய்க்கு வெளியேதான் வண்டியின் இடதுபக்கம் நின்றது. நனையாமல் இருக்க நான் இடதுபக்கச் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் டிரைவர் சீட்டில் ஒரு காலை வெளியே வைத்தபடி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒருவேள சிஸ்டரே, நீங்க கியர் மாத்தும்போது..." என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். லாரிக்காரன், அட்டை போட்ட பையன், காப்பி மேனேஜர், மைனியின் மீன், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. "நான் ஓட்டுறதுல ஒரு குத்தமும் இல்ல!" என்று கத்தி, காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தேன்.

அவர் மீட்டரையே பார்த்தார்.

"இப்பம் என்ன செய்தீங்க?"

"கோவப்பட்டேன்."

"இன்னொருக்கா கோவப்படுங்க பாப்போம்."

மறுபடி மிதித்தேன். மீட்டரில் அறுபது சட்டென்று இறங்கி ஏதோ ஒரு அற்ப எண்ணுக்குப் போய், காலை எடுத்ததும் மறுபடி அறுபதுக்கு ஏறியது. இன்னொரு தடவை. இறங்கியது, ஏறியது. நான் இடதுபக்கம் உட்கார்ந்து மிதிக்க மிதிக்க வண்டியின் பேச்சு நின்று நின்று வந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டி நின்றபோதெல்லாம் பக்கத்துச் சீட்டில் என்னோடு வேலை செய்யும் பெண் இருந்தாள், ஏற்றத்திலும் வளைவிலும் காலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் ஓட்டும்போது அந்தச் சீட்டு காலி. அவர் கையில் வண்டி ஒழுங்காக ஓடியதற்கு அவர் கை காரணமில்லை.

எலக்ட்ரீஷியன் சுற்றி வந்து கதவைத் திறந்தார். காலடியில் தடித்த ரப்பர் மேட் ஒன்று கிடந்தது. மழை தொடங்குமுன் என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்டது. சேறு ஒட்டாமல் இருக்கும் என்று சொல்லி அவரே போட்டுவிட்டபோது நான் சந்தோஷப்பட்டிருந்தேன். அதை எடுத்தார். அதற்குக் கீழே கார்ப்பெட் ஒரு பக்கம் வெளுத்து, கருவாடு மாதிரி விறைத்துப்போயிருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் உள்ளிருந்து ஒரு நெடி மூக்கில் ஏறியது.

எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அந்த நெடியை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. ரப்பர் பாலைத் தட்டத்தில் ஊற்றி, ஆசிட் கலந்து உறையவைத்து, பிறகு உருளையில் கொடுத்து ஷீட் அடிப்பார்கள். ரப்பர் விளை, அதாவது ரப்பர் தோட்டம், உள்ள வீடுகளில் எல்லாம் அந்த ஆசிட் கேன் இருக்கும். எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

கார்ப்பெட்டுக்கு அடியில், கதவோரமாக, வயர் கற்றைகள் ஒன்றுசேரும் இடத்தில் ஒரு கனெக்டர். அது முழுக்கப் பச்சையும் நீலமுமாகப் பாசி பிடித்துக் கிடந்தது. பெட்டிகள் பேசிக்கொள்ளும் அந்த இரண்டு வயரும் வந்து சேரும் ஊசிமுனைகளுக்கு நடுவில் அந்தப் பாசி பாலம் போட்டிருந்தது. காய்ந்திருக்கும்வரை பேசாமல் கிடக்கும். மழை ஈரம் ஏறி, மேலே ஒரு கால் அழுத்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அத்தனை பெட்டியும் ஊமையாகிவிடும்.

எலக்ட்ரீஷியனுக்கு என்னைவிடக் கோபம் வந்துவிட்டது. "கார் செய்தவன் வெள்ளம் கேறும்னு யோசிச்சிருப்பான், எலி கடிக்கும்னு யோசிச்சிருப்பான். காலடியில ரப்பர் ஆசிட்டக் கொண்டு வப்பானுவன்னு அவன் கனவு கண்டானா? இந்த ஜில்லாவுலதான் இப்பிடி ஒரு சீக்கு வரும். ஒரு ஆட்டோ புடிச்சுக் கொண்டு போனா என்னவாம்?" என்னைப் பார்த்துத்தான் கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். எலிக்கதை சொன்ன வாய்தானே என்று கேட்கவும் இல்லை. அந்த மழைக்காலத்தில் முதல்முறையாக ஒருவர் வண்டியைப் பற்றிச் சரியான விஷயத்துக்குக் கோபப்பட்டார்.

கனெக்டரை வெட்டி எடுத்தார். நல்ல வயர் தெரியும்வரை பின்னால் போய், புது வயரை முன்பு இருந்த மாதிரியே முறுக்கிச் சேர்த்துப் பற்றவைத்து, உறை போட்டுச் சூடாக்கி இறுக்கினார். தரையை ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவித் துடைத்துக் காற்றடித்துக் காயவைத்தார். பிறகு என்னை ஏறி உட்காரச் சொன்னார். "இப்பம் கோவப்படுங்க." எனக்கிருந்த கோபத்தையெல்லாம் அந்த இடத்தில் போட்டு மிதித்தேன். மீட்டர் அறுபதிலிருந்து அசையவில்லை.

"உங்க வீட்டு அண்ணனுக்க நம்பரத் தாங்க, நான் வெளங்கச் சொல்லிடுதேன்" என்றார்.

"எனக்க வண்டி அண்ணே. என்கிட்ட சொல்லியாச்சுல்லா."

வெட்டி எடுத்த துண்டை ஒரு காகிதத்தில் பொதிந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ரப்பரைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையில் ஷீட்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினேன். கையில் வாங்கவில்லை. குனிந்து பார்த்தார். அவருக்கும் நெடி தெரிந்தது.

"ஓ, இது அது... மழைக்கு முன்ன ஒருநாள் வண்டியில ஆசிட் வாங்கிட்டு வரும்போ கேன் சாஞ்சுபோச்சு. டிக்கியில உனக்க மருந்துப் பெட்டி கெடந்துது, அதுதான் முன்னால வச்சேன். கொஞ்சம்தான் கொட்டிச்சு. வெள்ளம் ஊத்தித் தொடச்சேன்."

தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஒரு மூலையில் கிடந்த ஆசிட்டைக் கரைத்துக் கனெக்டர்வரை வழிகாட்டி அனுப்பிவிட்டு, மேலே புது மேட் வாங்கிப் போட்டு மூடியிருக்கிறார். அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

"அதுக்கும் வண்டி நிக்கதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு எப்பிடி ஏட்டி தெரியும்?" என்றார்.

அது நியாயம்தான். சர்வீஸ் சென்டர்காரனுக்கே தெரியாதது இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரணியல்காரரை இப்போதே கூப்பிட்டு வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லுங்கள் என்றேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன், போட்டார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம வரண்டாம். வீட்டுல அவ சம்மதிக்க மாட்டேங்கா. பொம்பள காரியம்லா, நமக்கு எதுக்கு வம்பு" என்றார். கண்ணால் அந்தக் கனெக்டரைப் பார்த்து முழுசாக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. 

போனை அவர் கையிலிருந்து வாங்கினேன். "அண்ணாச்சி, நான் வண்டிக்காரி பேசுதேன். இவிய கார்ல ஆசிட்டக் கொட்டி வயரக் கருக்கிட்டாவ. அதுனாலதான் வண்டி நின்னுது. எனக்கு ஓட்டப் பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வண்டி இப்பம் சரியாச்சு, விக்கப் போறதில்ல" என்று சொல்லி வைத்தேன். அந்தப் பக்கத்தில் அவர் "செரி செரி" என்று மட்டும் சொன்னார்.

என் வீட்டுக்காரரின் முகம் சிவந்துவிட்டது. "வெளியாளுக்க முன்ன வச்சு இப்பிடியா பேசுவ? எனக்க மானம் போச்சுல்லா."

மைனி வீட்டில் அத்தனை பேருக்கு நடுவில் போனது என்ன என்று கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. எனக்கு வேறொன்று தெரியவேண்டியிருந்தது. சம்பந்தம் தெரியாது, சரி. ஆனால் என் வண்டியில் ஆசிட் கொட்டிவிட்டது என்று அன்றைக்கே ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? அதைத்தான் கேட்டேன். சத்தம் போடாமல் கேட்டேன்.

அவர் ஒரு ஷீட்டை எடுத்து உதறி, கொடியில் போட்டு, ஓரத்தைச் சரிசெய்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சொன்னா நீ கெடந்து கத்துவல்லா."

கத்தியிருப்பேன். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். தெருமுனைவரை கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். கத்திக்கொண்டே கார்ப்பெட்டை உரித்து வெளியே போட்டு, சோடாத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்திருப்பேன். அப்போது நல்ல வெயில் இருந்தது, ஒரு பகலில் முடிந்துபோகிற வேலை. அந்த ஒரு பகல் என் சத்தத்தைக் கேட்க மனமில்லாமல், அந்த மலைப்பாதையில் ஸ்டியரிங் இறுகிப்போகிற வண்டியில் என்னை ஒரு மழைக்காலம் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.